மலிவானாலும் கனம், உசத்தியானாலும் கனம்

சைக்கிள் கடைக்குள் நுழையும் பதின்வயதுப் பிள்ளைகள் விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்துவிடுவார்கள். முன்பக்கம் அமுங்கி எழுந்தால் முகத்தில் சிரிப்பு. ஷாக் அப்சார்பர் வைத்த வண்டி! அதை வாங்கிவந்து மாடிப்படியில் தூக்கும் அப்பாவுக்குத்தான் அடுத்த கேள்வி வருகிறது: சாதா சைக்கிளைவிட இது ஏன் இவ்வளவு கனக்கிறது?

கேள்வியைச் சற்று நீட்டிப் பார்த்தால் புதிர் இன்னும் சுவையாகிறது. மலிவான கியர் சைக்கிள்களில் வரும் ஷாக் அப்சார்பர் ஃபோர்க் இரண்டரைக் கிலோவைத் தாண்டும். கிராஸ்கன்ட்ரி பந்தயக்காரர்கள் ஓட்டும் ஃபோர்க், நம் மலிவு சைக்கிள் முழுவதையும்விட விலை அதிகம். அதன் எடை 1.4 கிலோவுக்குள். சரி, காசு கொடுத்தால் கனம் குறையும் என்று முடிவு கட்டிவிடலாமா? முடியாது. மலையுச்சியிலிருந்து செங்குத்தாக இறங்கும் டவுன்ஹில் பந்தய ஃபோர்க்கின் விலை அதைவிடவும் அதிகம். எடை? சுமார் 2.75 கிலோ. மலிவானதும் கனம், ஆக உசத்தியானதும் கனம், நடுவில் இருப்பது மட்டும் இளைத்திருக்கிறது. எடை என்ற ஒற்றை எண்ணை வைத்து ஒப்பிட்டால் இந்தக் குழப்பம் தீராது. அந்த எடை எந்த வேலைக்காக அங்கே இருக்கிறது என்று கேட்டால் தீரும்.

இந்த அத்தியாயத்தில் ஃபோர்க்கை முன்கவை என்று சொல்வோம். கவட்டைபோல இரண்டு கால் விரித்து முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் பாகம் அது.

ஐந்து சென்டிமீட்டர் கல்

பாதையில் ஐந்து சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு கல். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறீர்கள். இன்று மலைச் சைக்கிள்களில் வழக்கமாகிவிட்ட 29 அங்குலச் சக்கரம் அந்தக் கல்லின் விளிம்பைத் தொடும்போது, அச்சு கல்லுக்கு நேர்மேலே வர இன்னும் 19 சென்டிமீட்டர் போக வேண்டும். அதைக் கடக்க ஒரு விநாடியில் இருபத்திரண்டில் ஒரு பங்கு நேரம் ஆகும். அதற்குள் சக்கரம் ஐந்து சென்டிமீட்டர் மேலே ஏறியாக வேண்டும்.

முன்கவை விறைப்பானதாக இருந்தால் சக்கரத்தோடு ஹேண்டில்பாரும் மணிக்கட்டும் தோளும் அந்த நொடித்துளிக்குள் ஏறியாக வேண்டும். அவ்வளவு எடையை அவ்வளவு விரைவாகத் தூக்கும் விசை முன்னேறும் வேகத்திலிருந்துதான் கழிகிறது. சக்கரம் மட்டும் ஏறி ஓட்டுநர் இருந்த உயரத்திலேயே இருந்துவிட்டால் இழப்பு குறையும். டயரும் தரையை விடாது. தரையை விட்ட டயரால் திரும்பவும் முடியாது, பிரேக் பிடிக்கவும் முடியாது. ஆக, ஷாக் அப்சார்பர் எனும் அதிர்வுதாங்கி கைக்கு இதம் தரும் சொகுசுச் சாமான் மட்டும் அல்ல. அதன் முதல் வேலை டயரைத் தரையில் வைத்திருப்பது.

சைக்கிளுக்கு இப்படி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் பழையது. இங்கிலாந்தில் அலெக்ஸ் மோல்டன் 1962இல் வெளியிட்ட சிறுசக்கரச் சைக்கிளில் ரப்பர் அதிர்வுதாங்கி இருந்தது. மலைச் சைக்கிளுக்கு அது வந்துசேர்ந்தது மோட்டார் சைக்கிள் பந்தய உலகின் வழியாக. அந்த உலகிலிருந்து வந்த பால் டர்னர் உருவாக்கிய ராக்‌ஷாக்ஸ் ஆர்எஸ்-1 முன்கவை, காற்றும் எண்ணெயும் கொண்டு இயங்கியது. அமுங்கியது ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு. 1990இல் கொலராடோ மாநிலத்தின் டுராங்கோ நகரில் நடந்த முதல் மலைச் சைக்கிள் உலகப் போட்டியில் கிரெக் ஹெர்போல்ட் அதை ஓட்டி டவுன்ஹில் பட்டம் வென்றார். அதுவரை 'கூடுதல் சுமை' என்று ஒதுக்கியவர்களின் வாய் அடைத்தது.

ஒரு கிராம் ஸ்பிரிங்

முன்கவைக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. பெரும்பாலான மாதிரிகளில் ஒரு காலுக்குள் ஒன்று, மறு காலுக்குள் மற்றொன்று. முதல் வேலை ஸ்பிரிங்குடையது: அமுங்கும்போது ஆற்றலை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தள்ளுவது.

மலிவான முன்கவையில் அது எஃகுச் சுருள். சில நூறு கிராம் எடை. அதைவிடப் பெரிய குறை, சுருளின் விறைப்பு தொழிற்சாலையிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பது. சராசரி எடையுள்ள ஒரு பெரியவரை மனதில் வைத்துச் செய்த சுருள், 40 கிலோ சிறுமிக்கு அசையாது. 95 கிலோ ஆளுக்கு அடி வரை போய் முட்டும். மேலே ஒரு திருகு இருக்குமே, அதை முறுக்கினால் சரியாகிவிடாதா என்றால், ஆகாது. அந்தத் திருகு சுருள் எந்த இடத்தில் அமுங்கத் தொடங்குகிறது என்பதை மாற்றுமே தவிர, சுருளின் விறைப்பை மாற்றாது.

விலையுயர்ந்த முன்கவைகளில் பெரும்பாலும் சுருளே கிடையாது. மூடிய அறையில் அடைத்த காற்றுதான் ஸ்பிரிங். 80 கிலோ ஓட்டுநரின் எடையில் சுமார் 32 கிலோ முன்சக்கரத்தின் மேல் விழுவதாக வைத்துக்கொள்வோம். ஆறு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பிஸ்டனில் அதைத் தாங்கக் காற்று மண்டலத்தைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு அழுத்தம் போதும். இதற்கென்று தனியாக ஒரு சிறிய கைப்பம்பு விற்கிறார்கள். எடை குறைந்தவர் காற்றை இறக்குகிறார், கூடியவர் ஏற்றுகிறார், ஒரே முன்கவை இருவருக்கும் பொருந்திவிடுகிறது. உள்ளே இருக்கும் அந்தக் காற்றின் எடை எவ்வளவு தெரியுமா? சுமார் ஒரு கிராம்!

இன்னொரு லாபமும் உண்டு. காற்று அமுங்க அமுங்க அறை சுருங்குவதால் எதிர்ப்பு ஏறிக்கொண்டே போகிறது. கடைசிச் சில சென்டிமீட்டரில் தானாகவே விறைத்து, அடியில் முட்டாமல் காக்கிறது. அறைக்குள் சிறிய பிளாஸ்டிக் துண்டுகளைப் போட்டு அந்த ஏற்றத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

ஏறி உட்கார்ந்ததுமே முன்கவை கொஞ்சம் அமுங்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இதைத் தொய்வு எனலாம். முழு அமுங்குதூரம் 100 மில்லிமீட்டர் என்றால் 15 முதல் 20 வரை தொய்வாக வைப்பது வழக்கம். அந்த இருப்பு இருந்தால்தான் பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொடர முடியும். கடையில் கல்லாக நிற்கும் முன்கவையைப் பார்த்து 'நல்ல ஸ்ட்ராங்' என்று சொல்பவர்கள் தொய்வே இல்லாத ஒன்றைத்தான் புகழ்கிறார்கள்.

காற்றுக்குக் கூலி உண்டு. அதை அடைத்து வைக்க ரப்பர் வளையங்கள் வேண்டும். வளையங்கள் உராயும், தேயும். ராக்‌ஷாக்ஸ் தன் முன்கவைகளின் கீழ்க்கால்களை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்றச் சொல்கிறது. வாரம் நான்கு மணி நேரம் ஓட்டுபவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலை.

தணிப்பி: எடையற்ற உசத்தி

ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வாங்கிய ஆற்றலை அப்படியே திருப்பித் தந்துவிடும். கல்லில் ஏறி இறங்கிய பிறகும் முன்பக்கம் குதித்துக்கொண்டே இருக்கும். அந்த ஆற்றலைத் தின்று வெப்பமாக்க இன்னொன்று வேண்டும். அதுதான் இரண்டாவது வேலை. அதைச் செய்யும் பாகத்துக்குத் தணிப்பி என்று பெயர் வைப்போம்.

தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சை மெல்ல அழுத்தினால் எளிதாகப் போகும், வேகமாக அழுத்தினால் கட்டைவிரல் வலிக்கும். தணிப்பிக்குள் எண்ணெய் சிறு துளைகள் வழியாகப் போவதும் அப்படித்தான். துளையைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் வெளியே குமிழ்கள். ஒரு குமிழ் முன்கவை எவ்வளவு வேகமாக மீண்டு எழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். மற்றொன்று எவ்வளவு எளிதாக அமுங்க வேண்டும் என்பதை. உசத்தியான மாதிரிகளில் மெதுவான அமுங்கலுக்கும் திடீர் அடிக்கும் தனித்தனிக் குமிழ் இருக்கும். லாக்அவுட் என்பது எண்ணெயின் வழியை ஏறத்தாழ அடைத்துவிடுவது. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது முன்பக்கம் ஆடாது.

பல மலிவு முன்கவைகளில் எண்ணெயே கிடையாது. உள்ளே சுருள், கொஞ்சம் கிரீஸ், அவ்வளவுதான். கடையில் அழுத்தினால் குஷியாக எழுந்து வருகிறதே, அந்தக் குதிப்புதான் தணிப்பி இல்லாததன் அடையாளம்.

நல்ல தணிப்பிக்கும் சுமாரான தணிப்பிக்கும் எடையில் பெரிய வேறுபாடு கிடையாது. சில சமயம் நல்லதே சில கிராம் கூடுதலாக இருக்கும். ஓட்டத்தில் ஆக அதிகம் தெரியும் அம்சம், எடைப் பட்டியலில் ஆகக் குறைவாகத் தெரிகிறது.

நீண்ட நெம்புகோல்

அப்படியானால் எடை எங்கிருந்துதான் வருகிறது? குழாய்களிலிருந்து.

சரிவில் இறங்கும்போது முன்பிரேக்கை நன்றாகப் பிடியுங்கள். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்றால், தரை டயரைப் பின்னோக்கி இழுக்கும் விசை 50 கிலோ எடைக்குச் சமமாக எளிதில் வந்துவிடும். அந்த இழுப்பு முன்கவையின் தோள்பகுதி வரை சுமார் 90 சென்டிமீட்டர் நீள நெம்புகோலாக வேலை செய்து குழாய்களை வளைக்கப் பார்க்கிறது. வளைந்தால் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. அதோடு ஒரு குழாய்க்குள் மற்றொன்று வழுக்கிச் செல்ல வேண்டிய அமைப்பு இது. மேற்குழாய் சற்று வளைந்தாலும் உள்ளே பிடித்துக்கொள்ளும். எவ்வளவு நல்ல ஸ்பிரிங் இருந்தாலும் அந்த நேரத்தில் முன்கவை மரக்கட்டைதான்.

வளைவைத் தடுக்கும் வழி குழாயைப் பருமனாக்குவது. இங்கே இயற்கை நமக்குத் தாராளமாகவே உதவுகிறது. குழாயின் விட்டம் 32 மில்லிமீட்டரிலிருந்து 36 ஆகிறது, சுவரின் தடிப்பு மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். எடை எட்டில் ஒரு பங்கு கூடும். வளைவை எதிர்க்கும் விறைப்போ 42 சதவீதம் கூடும். எடை விட்டத்தோடு நேராக வளர்கிறது; விறைப்பு விட்டத்தை மூன்று முறை பெருக்கிய கணக்கில் வளர்கிறது.

அமெரிக்க நிறுவனமான ஃபாக்ஸ் தன் முன்கவைகளுக்கு 32, 34, 36, 38, 40 என்று பெயர் வைத்திருப்பதன் பொருள் இதுதான். மேற்குழாயின் விட்டமே பெயர். 2020, 2021 காலத்து வரிசையை எடுத்துக்கொண்டால், 100 மில்லிமீட்டர் அமுங்கும் பந்தய 32 சுமார் 1.36 கிலோ. 120 மில்லிமீட்டர் அமுங்கும் இலகு ரக 34 ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. 160 அமுங்கும் 36 இரண்டு கிலோவைத் தொடும். இரண்டு தோள்பட்டைகள் கொண்ட டவுன்ஹில் 40, 203 மில்லிமீட்டர் அமுங்கி 2.75 கிலோவில் நிற்கும். அமுங்குதூரம் கூடினால் நெம்புகோலும் நீள்கிறது, போகும் பாதையும் கொடியதாகிறது. இரண்டும் சேர்ந்து குழாயைப் பருக்க வைக்கின்றன. அந்த 2.75 கிலோவில் வீண் கிராம் என்று அநேகமாக எதுவும் இல்லை.

மலிவு முன்கவையின் இரண்டரைக் கிலோ வேறு கதை. அங்கே மேற்குழாயும் ஹேண்டில்பாரோடு இணைக்கும் கழுத்துக்குழாயும் எஃகு, உள்ளே சுருளும் எஃகு. எஃகின் அடர்த்தி அலுமினியத்தைப்போல மூன்று மடங்கு. உசத்தி முன்கவைகளில் கீழ்க்கால்கள் மக்னீசிய வார்ப்பு. அது அலுமினியத்தைவிடவும் இலகு. மலிவு முன்கவையின் எடை உற்பத்திச் செலவைக் குறைத்ததால் வந்தது, பாதையின் தேவையால் வந்ததல்ல.

அறுநூறு கிராம் எத்தனை விநாடி?

இப்போது ஒரு கணக்கு. ஃபாக்ஸ் 32க்கும் 36க்கும் இடையே உள்ள வேறுபாட்டை 600 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 600 கிராமைச் சுமந்துகொண்டு மலையேறினால் எவ்வளவு நேரம் இழப்போம்?

ஓட்டுநர் 70 கிலோ, சைக்கிள் 12, தண்ணீரும் உடையும் தலைக்கவசமும் 3. மொத்தம் 85. ஏற வேண்டிய உயரம் 500 மீட்டர். தொடர்ந்து பயிற்சி செய்யும் ஓர் அமெச்சூர் ஓட்டுநர் 200 வாட் திறனில் அரைமணிக்கு மேல் மிதிக்க முடியும் என்று கொள்வோம். புவியீர்ப்பை எதிர்த்து அந்த 85 கிலோவை அரைக் கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்க அவருக்கு ஏறத்தாழ 34 நிமிடம் 45 விநாடி ஆகும். டயர் உராய்வையும் காற்றின் தடையையும் சேர்த்தால் இன்னும் கூடும்; ஒப்பீட்டுக்கு இது போதும்.

இனி 600 கிராமைச் சேருங்கள். கூடுதலாக ஆகும் நேரம் 15 விநாடி.

முப்பத்தைந்து நிமிடத்தில் 15 விநாடி! ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு மலைக்குப் போகிறவருக்கு இது ஒன்றுமே இல்லை. வழியில் அரை லிட்டர் தண்ணீர் குடித்தாலே பாட்டிலின் எடை அரைக் கிலோ குறைகிறது. வண்டி பறக்கத் தொடங்கியதாக யாரும் சொல்வதில்லை. பந்தயக்காரருக்கு நிலைமை வேறு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் கிராஸ்கன்ட்ரி தங்கத்தை பிரிட்டனின் டாம் பிட்காக், பிரான்சின் விக்டர் கொரெட்ஸ்கியைவிட 9 விநாடி முந்தி வென்றார். அந்த உலகில் 15 விநாடி என்பது தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையிலான தூரத்தைவிட அதிகம்.

இதே கணக்கை இறக்கத்துக்குப் போட முடியாது. கற்கள் நிறைந்த 500 மீட்டர் இறக்கத்தில் 36 எத்தனை விநாடி மிச்சப்படுத்தும் என்பது பாதையையும் ஓட்டுநரின் துணிச்சலையும் பொறுத்தது. ஏற்றம் எடையின் கணக்கு, இறக்கம் கட்டுப்பாட்டின் கணக்கு. கற்பாறைச் சரிவில் நடுங்கி இறங்கும் ஒருவர், ஏற்றத்தில் மிச்சம் பிடித்த 15 விநாடியை முதல் இரண்டு வளைவுகளிலேயே தொலைத்துவிடுவார் என்பது என் கணிப்பு.

வேறு வேலைக்கான இரண்டை ஒப்பிட்டோம். ஒரே வேலைக்கான இரண்டை ஒப்பிட்டால்? 120 மில்லிமீட்டர் அமுங்கும் ஃபாக்ஸ் 34 இலகு ரகம் 1.5 கிலோ என்று பார்த்தோம். அதே காலத்தில் வந்த, அதே அமுங்குதூரம் கொண்ட ராக்‌ஷாக்ஸ் சிட் 1,537 கிராம் என்று அறிவிக்கப்பட்டது. வேறுபாடு 40 கிராம் அளவில். நம் 500 மீட்டர் மலையில் அதன் மதிப்பு ஒரே ஒரு விநாடி. இந்த ஒரு விநாடிக்காக இரவெல்லாம் பட்டியல்களைப் புரட்டுபவர்கள் உண்டு, பிழைத்துப் போகட்டும்.

ஒரு காலை வெட்டினால் பாதி எடையா?

எடையைக் குறைக்கப் பொறியாளர்கள் செய்யாத வித்தை இல்லை. கேனன்டேல் நிறுவனம் ஒரு காலையே எடுத்துவிட்டது. சக்கரத்தின் இடப்பக்கம் மட்டும் கால் வைத்த லெஃப்டியை முதன்முறை பார்ப்பவர்கள் வண்டி உடைந்துவிட்டதோ என்று பதறுவார்கள். பாதி எடை மிச்சம் ஆயிற்றா? 2018இல் வந்த லெஃப்டி ஓச்சோ 1.45 கிலோ அளவில் இருந்தது. இரண்டு கால் போட்டியாளர்களோடு சமம். இரு கால்கள் பகிர்ந்த சுமையை ஒரு கால் தாங்க வேண்டுமென்றால் அது அவ்வளவு பருக்கத்தான் வேண்டும்.

ராக்‌ஷாக்ஸ் 2014இல் பழைய ஆர்எஸ்-1 பெயரிலேயே தலைகீழ் முன்கவை ஒன்றைக் கொண்டுவந்தது. மெல்லிய குழாய் கீழே, பருத்த குழாய் மேலே. இதன் தர்க்கம் அழகானது. கல்லில் இடிக்கும்போது சக்கரத்தோடு சேர்ந்து எகிறும் பாகம் எவ்வளவு இலகுவோ, அவ்வளவு விரைவாக அது தரைக்குத் திரும்பும். ஆகவே கீழே இருக்கும் கிராம், மேலே இருக்கும் கிராமைவிடப் பொல்லாதது. ஆனால் வழக்கமான முன்கவையில் இரண்டு கீழ்க்கால்களையும் டயருக்கு மேலே ஒரு வளைவு இணைத்திருக்கும். தலைகீழாக்கினால் அதற்கு இடமில்லை. கால்கள் தனித்தனியே முறுகத் தொடங்கும். அதைத் தடுக்கச் சிறப்பு அச்சும் அதற்கேற்ற தனிச் சக்கரமையமும் தேவைப்பட்டன. மொத்த எடை சாதாரண வகையைவிடக் கூடியது, விலையும் ஏறியது. சில ஆண்டுகளில் அது விற்பனை வரிசையிலிருந்து மறைந்தது.

பட்டியலைப் படிக்கும்போது

நிறுவனங்கள் அச்சிடும் எடை பெரும்பாலும் வரிசையிலேயே ஆக இலகுவான மாதிரிக்கு உரியது. சிறிய சக்கர அளவு, குறைந்த அமுங்குதூரம், சில சமயம் அச்சு இல்லாமலே நிறுத்தது. கழுத்துக்குழாயை வண்டியின் அளவுக்கு வெட்டிய பிறகு நிறுத்தார்களா, முழு நீளத்தோடு நிறுத்தார்களா என்பதும் உண்டு. எட்டு சென்டிமீட்டர் அலுமினியக் குழாயை வெட்டினால் 40 கிராம் போகும். சற்று முன் பார்த்த ஒரு விநாடி அங்கேயே தீர்ந்துவிட்டது.

ஆகவே வரிசை இதுவாக இருக்கட்டும். நீங்கள் போகும் பாதை எத்தனை மில்லிமீட்டர் கேட்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். செம்மண் தடத்துக்கும் தோட்டப் பாதைக்கும் 100 தாராளம். அந்த வகுப்புக்குள் காற்று ஸ்பிரிங்கும் மீள்வேகக் குமிழும் இருக்கிறதா என்று பாருங்கள். கிராம் கணக்கு அதன் பிறகுதான், அதுவும் 200 கிராமுக்கு மேல் வேறுபாடு இருந்தால் மட்டும்.

தார்ச்சாலையில் பள்ளிக்கும் கடைக்கும் போகிற சைக்கிள் என்றால் அமுங்கும் முன்கவையே வேண்டாம். சாதாரண விறைப்பு முன்கவை ஒரு கிலோ அளவில்தான் இருக்கும். சர்வீஸ் கேட்காது, மிதிக்கும் சக்தியைத் தின்னாது. அதில் மிச்சமாகும் பணத்தில் நல்ல பிரேக்கும் அகலமான டயரும் வாங்கலாம். கடையில் பிள்ளை ஹேண்டில்பாரை அழுத்திப் பார்த்து முகம் சுளித்தாலும் அந்த வண்டியையே வாங்கிக் கொடுங்கள்.